பழைய மேஸிக்குப் பாகம் தேடுவது எப்படி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் தெபாலுக்கு உட்புறமாக என் தாய்மாமாவுக்குச் சிறிய செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வெட்டிய குலைகளை உள்வரிசைகளிலிருந்து லோரி வந்து நிற்கும் இடத்துக்கு இழுத்து வருவது ஒரு மேஸி ஃபெர்குசன் 135 டிராக்டர். அது நின்றுவிட்டால் குலைகள் மரத்தடியில் கிடக்கும். கிடந்தால் பழம் உதிரும், தரம் இறங்கும், ஆலையில் கிடைக்கும் பணமும் குறையும். புதிதாக ஒன்றை வாங்கிவிடலாமே என்று சொல்பவர்களிடம் மாமா திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “செம்பனை விலை இறங்குறப்ப பேங்க் தவணையும் கூடவே இறங்குமா?” அதற்கு எவரிடமும் பதில் இல்லாததால் பழையதை ஓடவைக்கும் பொறுப்பு மாமாவிடமும், அதற்குப் பாகம் தேடும் பொறுப்பு என்னிடமும் வந்து சேர்ந்தது. பிறையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் நுண்ணளவு பார்க்கும் வெர்னியரும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் எண்களும் எனக்குப் பழக்கமானவை.

தேடலில் எனக்குப் புலப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் டிராக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் டிராக்டருக்கு உரிய விலை சொல்வார்கள். பாகத்தின் எண்ணையும் அளவையும் சொல்லிக் கேட்டால் பாகத்துக்கு உரிய விலை சொல்வார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சில பொருள்களில் பாதிக்குப் பாதி இருக்கும். இதில் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. எப்போதோ ஒருவர் கேட்டு வரும் பொருளைத் தூசி படிய வைத்திருந்து விற்பவர் அதற்கான வாடகையையும் சேர்த்துத்தான் விலை வைப்பார். ஆனால் பழைய டிராக்டர் ஒன்றின் பாகங்களில் பெரும்பகுதி அந்த டிராக்டருக்கென்றே செய்யப்பட்டவை அல்ல என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த வாடகையை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும்.

இதைப் புரிந்துகொள்ள மேஸியின் குடும்பக் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஹாரி ஃபெர்குசனின் நிறுவனமும் கனடாவின் மேஸி ஹாரிஸும் 1953-இல் இணைந்தன. 1958-இல் மேஸி ஃபெர்குசன் என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் பெர்கின்ஸ் எஞ்சின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. 1964-இன் இறுதியில் 135 வெளிவந்தபோது அதன் டீசல் மாதிரியில் அமர்ந்தது பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின். 152 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய இரண்டரை லிட்டர். சிலிண்டரின் விட்டம் 91.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 127 மில்லிமீட்டர். இதே எஞ்சின்தான் அதற்கு முன்பு மேஸி 35-இலும் பின்பு 240-இலும் இருந்தது. பெர்கின்ஸ் தன் எஞ்சின்களை வெளியாருக்கும் விற்றதால் ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர், காற்று அமுக்கி, படகு என்று பலவற்றிலும் இது ஓடியது. ஆகவே எஞ்சின் பாகம் தேடுபவர் டிராக்டர் கடையோடு நின்றுவிட வேண்டியதில்லை. பட்டர்வொர்த் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கும் பட்டறைகளிலும் படகு எஞ்சின் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

135-ஐச் செய்த கோவென்ட்ரி பேனர் லேன் தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. மூடியதால் பாகம் அற்றுப்போய்விடவில்லை. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மேஸியோடு கூட்டுச் சேர்ந்து டிராக்டர் செய்யத் தொடங்கியது. பாகிஸ்தானில் லாகூரின் மில்லத் நிறுவனம் 240-ஐச் செய்து வந்தது. துருக்கியிலும் உரிமம் பெற்றுச் செய்தார்கள். இந்த நாடுகளிலெல்லாம் பாகம் செய்யும் சிறு பட்டறைகள் வளர்ந்துவிட்டன. நம் ஊர்க் கடைகளில் ‘இந்தியா சாமான்’, ‘துருக்கி சாமான்’ என்று பிரித்துச் சொல்வது இவற்றைத்தான். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் விற்கும் மேஸி 1035-ஐப் பார்த்தால் நம் 135-இன் தம்பி போலவே இருக்கும். ஆனால் அதில் இருப்பது சிம்சன் எஞ்சின், கொள்ளளவும் 2400 சிசி. தோற்றத்தை நம்பி அதன் பிஸ்டன் செட்டை வாங்கிவந்தால் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது, நம்மிடம் இருப்பது உண்மையில் எது என்று நிச்சயப்படுத்திக்கொள்வது. டிராக்டரின் தகட்டு எண் ஒன்று, எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண் வேறொன்று. பெரிய தோட்டங்களில் ஓடிய டிராக்டர்களுக்கு எஞ்சின் மாற்றுவது சாதாரணமாக நடந்த காரியம் என்பதால், தகட்டில் இருக்கும் வயதும் எஞ்சினின் வயதும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வார்ப்பு இரும்பின் மீது புடைத்துத் தெரியும் எண்ணைப் பலர் பாக எண் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறார்கள். அது வார்ப்பு அச்சின் எண். அதே வார்ப்பிலிருந்து வெவ்வேறு வகையாகக் கடைந்தெடுத்த பாகங்கள் உண்டு. மேஸியின் பாக எண்ணுக்கு என்று ஓர் அமைப்பு இருக்கிறது: முதலில் ஆறு அல்லது ஏழு இலக்கம், பிறகு ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து, அதன் பிறகு ஒன்றோ இரண்டோ இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் 1 என்றிருந்தால் தனிப் பொருள், 91 என்றிருந்தால் சேர்த்துப் பூட்டிய தொகுப்பு. 2, 92 என்று ஏறினால் பின்னால் திருத்தம் செய்யப்பட்ட வடிவம். பாகப் பட்டியல் புத்தகத்தின் நகல் ஒன்று கையில் இருந்தால் இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த நகலுக்குச் செலவழித்த காசைப்போல் பயன் தந்த செலவு எனக்கு வேறில்லை.

முன்சக்கர பேரிங்கை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, நடுவிலிருக்கும் தொப்பியைத் தட்டிக் கழற்றி, கொண்டை நட்டின் குறுக்கே செருகியிருக்கும் பின்னை நிமிர்த்தி எடுத்துவிட்டால் வெளிப்பக்கத்து பேரிங் கையோடு வந்துவிடும். அதைப் பழைய டப்பாவில் டீசல் ஊற்றி அலச வேண்டும். கிரீஸும் சிவப்பு மண்ணும் குழைந்து கருஞ்சாந்தாக இறுகியிருக்கும் என்பதால் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பழந்துணியால் துடைத்தபின் உள்வளையத்தின் தட்டையான முகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், மயிரிழை எழுத்தில் ஓர் எண் தெரியும். இது சாய்வு உருளை பேரிங் என்பதால் உருளைகள் கோத்த உள்பாகத்துக்கு ஓர் எண், ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிக்கிண்ணத்துக்கு வேறோர் எண். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எண் தேய்ந்து போயிருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டால் போதும். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜமில் ஒரு பேரிங் கடைக்குப் போனேன். தொக்கே (கடை முதலாளி) மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார், உள்ளே போய் இரண்டு பெட்டிகளோடு வந்தார், ஜப்பான் வேண்டுமா சீனா வேண்டுமா என்று மலாயில் கேட்டார். எந்த வண்டிக்கு என்று அவர் கேட்கவே இல்லை. கார் இழுக்கும் டிரெய்லருக்கும் அதே அளவுதான் போடுகிறார்கள் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. நான் ஜப்பான் பேரிங்கையே வாங்கினேன். அப்போதும் டிராக்டர் பாகக் கடையில் பெயர் தெரியாத பெட்டியில் வந்ததற்குச் சொன்ன விலையைவிடக் குறைவாகவே முடிந்தது.

உருண்டை பேரிங்குகளில் இது இன்னும் சுலபம். 6205 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று வந்துவிடும். எந்த நாட்டில் செய்தாலும் அளவு ஒன்றே. பெயர்பெற்ற பேரிங்குகளுக்குப் போலிகள் உலவுவதால் மிகவும் மலிவாகச் சொன்னால் மட்டும் சற்று யோசிக்க வேண்டும்.

தண்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலுக்கும் இதே முறைதான்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஆனால் 135 பிரிட்டனில் பிறந்தது என்பதால் பல இடங்களில் அளவு அங்குலத்தில் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் சீலைத் தட்டி ஏற்றினால் அடுத்த மழைக்குள் ஒழுகும். சீலைக் குறை சொல்வதற்கு முன் தண்டையும் பார்க்க வேண்டும். பழைய சீலின் உதடு பல ஆண்டுகள் உராய்ந்த இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த சீலைப் போட்டாலும் நிற்காது. இடமிருந்தால் புதிய சீலைச் சற்று உள்ளே தள்ளி, தேயாத இடத்தில் உதடு அமரும்படி வைக்கலாம். இல்லையென்றால் தண்டின் மேல் மெல்லிய உலோக உறை ஒன்றைப் போடலாம். சாதாரண ரப்பர் சீலே பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது.

ஃபேன் பெல்ட்டுக்கு அகலமும் நீளமும் இருந்தால் போதும். டீசல் ஃபில்டரில் பழைய சிஏவி (டீசல் பாகங்கள் செய்த நிறுவனம்) வகையின் 296 என்ற எண்ணுள்ள உருளை உலகம் முழுக்க ஜெனரேட்டர்களிலும் படகுகளிலும் போடுவது. பல உற்பத்தியாளர்கள் செய்கிறார்கள், மலிவு. முன் டயர் அளவு 6.00-16, பழைய ஜீப்களுக்கு வந்த அளவு. ஹைட்ராலிக் குழாயைப் பெட்டியில் வரும் ஆயத்தச் சாமானாக வாங்கவே கூடாது. பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஹோஸ் கடையில் நீளம் வெட்டி, முனை அமுக்கி, காத்திருக்கும்போதே தந்துவிடுவார்கள்.

மின்சாரப் பகுதியில் நம் நாட்டில் ஒரு வசதி உண்டு. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் லூக்காஸ் டைனமோ போய்விட்டால் அதே டைனமோவைத் தேடி அலைய வேண்டாம். பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில், டைனமோவின் வேலையையே செய்யும் ஜப்பான் கார்களின் ஆல்டர்னேட்டர் குவிந்து கிடக்கிறது. வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் பிராக்கெட் செய்து கொடுத்தால், பெல்ட் நேர்கோட்டில் ஓடும்படி பார்த்துப் பூட்டிவிடலாம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனை சட்டத்தோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் முதல் நிமிடத்திலேயே அதன் டயோடுகள் எரிந்துவிடும்.

பாகம் வாங்குவதைக் காட்டிலும் பாகத்தைப் புதுப்பிப்பது மலிவாக முடியும் இடங்களும் பல உண்டு. முன் அச்சின் நடுப்பின், அது சுழலும் உறையான புஷ், ஸ்டீயரிங் கட்டைகளின் புஷ் ஆகியவை செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். லேத் பட்டறையில் பழைய பின்னைக் காட்டினால் வெண்கலத்தில் புஷ் கடைந்து தருவார்கள்; பெட்டியில் வருவதைவிட அது நம் வண்டியின் தேய்மானத்துக்கு ஏற்பப் பொருந்தும் என்பது இன்னொரு லாபம், ஏனெனில் ஹவுசிங்கின் துளையும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், அதைச் சற்றுப் பெரிதாக்கி அதற்கேற்ற புஷ்ஷை அவர்களால் கடைய முடியும். கிளட்ச் தட்டுக்குப் புதிய லைனிங் அடித்துத் தரும் கடைகளும், ரேடியேட்டருக்கு உள்கூட்டை மட்டும் மாற்றித் தரும் கடைகளும் இன்னும் இருக்கின்றன. இவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதாகத் தெரியவில்லை. செய்யவேண்டிய வேலையைத் தள்ளிப்போடாமல் இப்போதே செய்துகொள்வது நல்லது என்பது என் கணக்கு.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன. பிரேக் லைனிங், ஸ்டீயரிங் பால் ஜாயின்ட், சக்கர போல்ட், டிரெய்லரை இழுக்கும் கொக்கியில் செருகும் பின் ஆகிய எதையும் பழைய இரும்புக் கடையில் வாங்க நான் சம்மதிப்பதில்லை. குலை ஏற்றிய டிரெய்லர் பின்னால் தள்ளும்போது இந்தச் சிறு சாமான்களை நம்பித்தான் மாமா மேலே உட்கார்ந்திருக்கிறார். டீசல் பம்ப் இன்னொன்று. 135-இல் இருப்பது சிஏவியின் சுழல் பம்ப். உள்ளே மைக்ரான் கணக்கில் பொருந்திய உறுப்புகள். கொல்லையில் திறந்து பார்க்கும் பொருளல்ல அது. சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் கடையில் கொடுத்தால், இன்ஜெக்டர்களையும் அழுத்தம் ஏற்றித் தெளிப்பைப் பார்த்துச் சரிசெய்து தருவார்கள். புகை கருப்பாக வருகிறது என்று பிஸ்டன் செட் வாங்கக் கிளம்பும் பலருக்கு இன்ஜெக்டர் முனையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், செட் வாங்குவதற்கு முன் திறக்க வேண்டும். இந்தப் பெர்கின்ஸ் எஞ்சினுக்குச் சிலிண்டர் லைனர் (பிஸ்டன் ஓடும் உள்ளுறை) இரண்டு வகையாக வருகிறது: அழுத்தி இறக்கினால் அப்படியே பயன்படுத்தக்கூடியது ஒன்று, இறக்கிய பிறகு உட்புறம் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டியது இன்னொன்று. பிஸ்டனின் ரிங் எண்ணிக்கையும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கிராங்க் தண்டின் பின்முனையில் பழைய எஞ்சின்களில் கயிறு போன்ற சீலும் பின்னால் வந்தவற்றில் உதடு வைத்த ரப்பர் சீலும் இருக்கும். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதாமல் ‘மேஸி 135 மூன்று சிலிண்டர் முழு செட்’ என்று வாங்குவது சீட்டு எடுப்பதற்குச் சமம்.

இணையத்தில் வாங்குவதிலும் இதே சிக்கல்தான். படத்தில் இருப்பதும் பெட்டியில் வருவதும் வேறாக இருக்கும். எங்களுக்கு ஒரு கிளட்ச் தட்டு வந்தது. விட்டம் சரியாக இருந்தது, நடுத்துளையின் பல் எண்ணிக்கை வேறாக இருந்தது. பல்லை எண்ணிப் புகைப்படத்தோடு அனுப்பியே ஆர்டர் செய்திருந்தும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு, விளம்பரத்தில் பாக எண் எழுதாதவரிடம் நான் வாங்குவதில்லை. விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் இணையவழியில் வெளிநாட்டிலிருந்து வரும், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத சாமான்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கனமான வார்ப்புகளுக்கு அஞ்சல் கட்டணம் சாமான் விலையையே தாண்டிவிடும். சீல், கேஸ்கெட், வால்வு போன்ற எடை குறைந்தவற்றுக்குத்தான் இந்த வழி ஒத்துவரும். சென்னைக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் எண்ணைக் காட்டி வாங்கிவரச் சொல்லலாம். அத்தை ஊறுகாய் வாங்கிவரச் சொல்லும் அதே பெட்டியில் என் கேஸ்கெட் செட்டும் இடம்பிடித்தது உண்டு.

கனமானவற்றுக்குப் பழைய இரும்புக் கடைதான் சரி. செபராங் பிறையில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் தோட்டங்கள். பத்து காவானில் தோட்டமாக இருந்த நிலத்தில் இப்போது தொழிற்பேட்டை நிற்கிறது, இரண்டாவது பாலம் 2014-இல் அங்கே வந்து இறங்கியது. தோட்டங்கள் போனபோது அவற்றின் டிராக்டர்கள் கைமாறிப் பல கொல்லைகளில் ஒதுங்கின. வடக்கே கெடாவின் நெல் வயல்களிலும் அப்படித்தான். அங்கே கண்ணில் படுவது ஃபோர்டு அதிகம் என்றாலும் மேஸியும் உண்டு. ஓடாத வண்டியிலிருந்து தாராளமாக எடுக்கக்கூடியவை சக்கர ரிம், லிஃப்ட் கைகள், இழுவைச் சட்டம், பின் அச்சு ஹவுசிங், கியர் ஆகியவை. கியரைத் துடைத்துப் பல்லின் ஓரம் உடைந்திருக்கிறதா, சூடேறி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது அதன் போல்ட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் இருப்பவை பெரும்பாலும் யுஎன்எஃப், யுஎன்சி எனப்படும் அங்குல அளவு மரைகள். அரை அங்குல போல்ட்டின் விட்டம் 12.7 மில்லிமீட்டர், அதே துளையில் 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு சுற்று உள்ளே போய், பிடித்துவிட்டது போலத் தோன்றி, இறுக்கும்போது மரையை வழித்துவிடும்.

இப்போது எங்களிடம் மீதமிருப்பது, பின்னால் பூட்டியதைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட். டிரெய்லரின் முன்பக்கம் தூக்கும்போது நடுங்குகிறது, பின்பக்கக் கியர் பெட்டி எண்ணெயும் மழைநீர் கலந்து பால் நிறமாகிவிட்டது. இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் இருக்கைக்குக் கீழே, கியர் எண்ணெயில் மூழ்கியபடி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுழற்றுவது, எஞ்சினின் சக்தியைப் பின்னால் பூட்டும் கருவிகளுக்குத் தரும் பிடிஓ தண்டு. பம்பைத் தொட வேண்டுமானால் மேல்மூடியையே தூக்க வேண்டும். முழு பம்புக்குச் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எனவே முதலில் எண்ணெயை வடித்து மாற்றி, கியர் குச்சியின் ரப்பர் உறை கிழிந்து அந்த வழியாகத்தான் மழைநீர் இறங்குகிறது என்று கண்டதால் அதையும் மாற்றியிருக்கிறோம். நடுக்கம் அப்படியும் நிற்காவிட்டால் மூடியைத் தூக்கி, கட்டுப்பாட்டு வால்வையும் அதன் சீல்களையும் மட்டும் மாற்றுவதாக உத்தேசம். பாக எண்ணைப் புத்தகத்தில் பார்த்து எழுதி வைத்துவிட்டேன். மூடியின் அடியில் போகும் கேஸ்கெட்டுக்குத் தாள் வாங்கியாயிற்று, அதைக் கத்தரிக்கோலால் நாங்களே வெட்டிக்கொள்வோம்.